குட்டிப்பாறையின் மஞ்சள்

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய முனிரத்தினம் சம்பந்தி,

பங்குனியில் உங்கள் முதல் வருஷத் திதிச் சாப்பாடு முடிந்ததும் உங்கள் ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சம்பந்தி நாலு வார்த்தை பேசட்டும்" என்றார்கள். எழுந்து நின்றேன். "நல்ல மனுஷர்" என்று சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். சரோஜாம்மா தூரத்திலிருந்து பார்த்து, பரவாயில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

மீதி வார்த்தைகள் இந்த ஐப்பசி மழைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்திருக்கின்றன. மொட்டைமாடியில் இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. படிக்கட்டு முடிகிற இடத்தில் நாற்காலி போட்டு எழுதுகிறேன். உங்கள் போன் நம்பரை அழிக்க மனம் வரவில்லை; ஆனால் கூப்பிட்டால் சரோஜாம்மாதான் எடுப்பார். அதனால்தான் கடிதம்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகன் குமரனின் மனைவி ரேவதி உங்களுக்கும் சரோஜாம்மாவுக்கும் மகள். நான் அரக்கோணம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்றவன், வீடு திருத்தணியில். நீங்கள் அரசு டவுன் பஸ் டிரைவர். திருத்தணியில் கிளம்பி ஆர்.கே.பேட்டையைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கும் உங்கள் சொந்த ஊரிலேயே திரும்புகிற வண்டி அது. பிள்ளைகள் இருவரும் சென்னைக்கு ஒரே ரயிலில் வேலைக்குப் போய்வந்து பழகினார்கள். கல்யாணம் என்றபோது நாம் தடுக்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. உங்கள் ஜனம் வேறு, எங்கள் ஜனம் வேறு. மலைமேல் தாலி கட்டி, அடிவாரத்து மண்டபத்தில் சாப்பாடு போட்டு, ஆளுக்கொரு பக்கம் போனோம். அதற்குப் பிறகு போனில் "சௌக்கியமா?", "அங்க மழை உண்டா?" அவ்வளவுதான் பேச்சு.

தலை தீபாவளிக்கு அழைக்க நீங்களும் சரோஜாம்மாவும் வந்த நாள் நினைவிருக்கிறதா? காபி குடித்தாயிற்று. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "மாடியில காத்து வருமா சம்பந்தி?" என்று கேட்டு நீங்கள் எழுந்தீர்கள். தப்பித்தோம் என்று நானும் பின்னாலேயே வந்தேன்.

என் மனைவி போன பிறகு அந்த மாடியில் நான் செடி வளர்க்க ஆரம்பித்திருந்தேன். தண்ணீரைத் தண்டிலும் இலையிலும் சேர்த்துவைத்துக்கொண்டு வெயிலைத் தாங்குகிற சதைப்பற்றான செடிகள். கள்ளி, கற்றாழை வகையறா. அதிலே ஒன்றை மட்டும் நிழல்வலைக்குக் கீழே தனியாக வைத்திருந்தேன். சென்னையில் ஒரு நர்சரியில் சொல்லிவைத்து வாங்கியது. இலையே இல்லாமல் நான்கு பட்டையாக எழும்பி நுனியில் கூராகிற தண்டு. தொட்டியில் லத்தீன் பெயர் எழுதிய சீட்டு.

நீங்கள் மற்ற எதையும் பார்க்காமல் நேரே அதனிடம் போய்க் குனிந்தீர்கள்.

"இது நம்ம கள்ளிமுளையானாச்சே சம்பந்தி. இதுக்கா குடை புடிச்சி வெச்சிருக்கீங்க?"

"இல்லைங்க, இது வேற. பாறைமேல இருக்கிற கள்ளிமுளையான் குட்டையா, பழுப்பா, விரல் தடிமன் இருக்கும். இது பாருங்க, பென்சில் மாதிரி மெலிசா, பச்சையா இருக்கு."

"நெழல்ல வெச்சா நீட்டிகினு தான் போவும். வெளிய வெச்சிப் பாருங்க."

என் முகம் மாறியதைக் கவனித்திருப்பீர்கள். கீழே இறங்கி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

அடுத்த வாரம் போன் வந்தது. "பஸ் ஸ்டாண்டாண்ட வாங்க சம்பந்தி, வண்டி நிக்கிது." போனேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினீர்கள். "ஒண்ணு ஏரிக்கரைப் பாறை. ஒண்ணு வேலாமரத்து நெழல். ஒண்ணு குட்டிப்பாறை. மூணும் ஒரே செடிதான், வெச்சிப் பாருங்க." கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். வண்டி நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பிரித்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாத ஆட்கள் மாதிரி இருந்தன. ஏரிக்கரைப் பாறையிலிருந்து வந்தது சுட்ட செங்கல் நிறத்தில் குட்டையாக, கட்டைவிரல் கனத்தில். வேலாமரத்து நிழல்செடி கரும்பச்சையில் ஒல்லியாக, என்னுடைய சென்னைச் செடிக்குக் கூடப்பிறந்தது போல. குட்டிப்பாறையினுடையது சாம்பல் பூத்த பச்சை, ஓரங்களில் பல் பல்லாக. இவை எப்படி ஒரே செடியாகும்? மூன்று வகை என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதுவரை மழையைத் தாண்டாத நம் பேச்சு அன்றைக்கு நீளமாகப் போனது.

தீபாவளிக்கு உங்கள் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்த பிறகும் அதேதான். எல்லாம் இடம் பண்ணுகிற வேலை என்றீர்கள் நீங்கள். பிறவியிலேயே வேறு என்றேன் நான். பிள்ளைகள் இருவரும் நாம் சண்டை போடுகிறோம் என்று பயந்துபோனார்கள். வடை போட வந்த சரோஜாம்மாதான் தட்டோடு நின்றுகொண்டு சொன்னார்: "மூணுத்தையும் ஒரே மண்ணுல வெச்சி, ஒரே மாரி தண்ணி ஊத்தி, ஒரே வெயில்ல வையுங்க. ரெண்டு மழை பாருங்க. இப்ப சாப்பிடுங்க."

அப்படித்தான் என் மாடியில் ஒரே அளவில் மண்தொட்டிகள் வந்தன. ஆற்றுமணல், உடைத்த செங்கல், கொஞ்சம் செம்மண். வெட்டின துண்டை உடனே நட்டால் அழுகிவிடும், வெட்டுவாய் காயவேண்டும் என்று நீங்கள் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே நேரத்தில். நாம் முதல்முதலாக ஒத்துப்போன விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு சனி ஞாயிறு என்றால் உங்கள் வண்டியில் ஏறிவிடுவேன். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, டீ குடிக்கிற நேரத்தில் என்னைப் பாறைக்கு இழுத்துப்போவீர்கள். ஏரிக்கரைப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பிளவுக்குள் விரலைவிட்டு இந்தச் செடி நின்றுகொண்டிருக்கும். அதே பாறைக்குப் பின்புறம், காரைமுள் புதருக்குள், அதே செடி வெளிச்சத்தைத் தேடி முழ நீளம் போயிருக்கும். ஒரு துண்டை ஒடித்து, பட்டையை நகத்தால் சீவி, "மெல்லுங்க" என்பீர்கள். புளிப்பு, பின்னாலேயே கசப்பு. "இப்ப இந்தப் பொதர்ப் பக்கத்துத மெல்லுங்க. கசப்பு கம்மி. எங்க அம்மா இந்தப் பக்கத்துத தான் தொவையல் அரைப்பாங்க." அவர்கள் ஆந்திரப் பக்கம் பிறந்தவர்கள், அங்கே இதற்குக் குந்தேட்டி கொம்முலு, முயல்கொம்புகள், என்று பெயர் என்றீர்கள். முயலுக்கு ஏது கொம்பு என்று கேட்டேன். "அதான் அந்த ஊர்க்காரங்க சொல்றாங்களே, வெச்சிக்கோங்க" என்றீர்கள்.

முதல் மழை வந்தது, போனது. ஒருநாள் டியூட்டி முடித்து மாடிக்கு வந்தவர் தொட்டிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "இன்னா சம்பந்தி. திரும்பி நின்னுக்கோங்க, நான் தொட்டிய மாத்தி வெக்கிறேன். எது எந்த ஊருன்னு சொல்லுங்க பாக்கலாம்." என்னால் முடியவில்லை. செங்கல் நிறம் போய்விட்டது. ஒல்லி கனத்துவிட்டது. வலையைவிட்டு வெளியே எடுத்துவைத்த என் சென்னைச் செடியும் அதே கூட்டத்தில் கலந்துவிட்டது. வாய்விட்டுச் சிரிக்கக்கூட இல்லை நீங்கள். மீசைக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்கள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது மழைக்கு மொட்டு கட்டியது. தண்டு நுனியில் வரிசையாக, தலைகவிழ்ந்து தொங்கும் சின்ன நட்சத்திரங்கள். சட்டைப் பொத்தான் அளவுதான். மற்றவை எல்லாம் கருஞ்சிவப்பு; இதழ் ஓரத்தில் மயிர் மயிராக, காற்றே இல்லாதபோதும் ஆடிக்கொண்டிருந்தன. குட்டிப்பாறைச் செடி மட்டும் மஞ்சள். மயிர் ஒன்றுகூட இல்லை. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். மஞ்சள்.

நீங்கள் அன்று காக்கிச் சட்டையோடு நேரே மேலே வந்து தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன, அந்தப் பூவின் லேசான நாற்றம் ஈக்களுக்குத்தான் பிடிக்கும். ஒரு பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்:

"ஆங், நீங்க சொன்னதும் சரிதான் சம்பந்தி. ஒடம்பு நெறம் வெயிலு குடுத்தது. பூவு அதோட ஆத்தா குடுத்தது."

நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு மேலே ஓடிவந்தவன். அதைக் கேட்டதும் யார் ஜெயித்தார்கள் என்பதே மறந்துபோனது. ஒரு கட்சியை இத்தனை நாள் பிடித்திருந்த மனிதர் அதைக் கையிலிருந்து இறக்கிவைத்த அழகை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

பிறகு ரேவதி தனக்குத் தெரிந்த கல்லூரி ஆசிரியை ஒருவரை அழைத்துவந்தாள், தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர். லென்ஸை வைத்துக்கொண்டு அந்தம்மா சாப்பாட்டையும் மறந்து மாடியிலேயே இருந்தார். "எல்லாம் ஒரே இனம்தான் சார். ஆனா ஒரே இனம்னா ஒரே மாதிரின்னு அர்த்தம் இல்ல. இந்தச் செடி இடத்துக்கு இடம் ரொம்ப மாறும். இதைப் பிரிக்கறதா சேக்கறதான்னு நாங்களே சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்கோம்" என்றார். "அப்போ நாங்க தனியா இல்ல" என்றீர்கள் நீங்கள். அந்தம்மாவை மூன்று பேருமாக ரயிலேற்றிவிட்டு வந்தோம்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷமே உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு முறை இரத்தத்தைச் சுத்தம் பண்ண இங்கே வரவேண்டும். முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் படுப்பீர்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் மாடிக்கு ஏறிவிடுவீர்கள். படிக்கு ஒரு தரம் நின்று, ஆனாலும் ஏறிவிடுவீர்கள். "புதுசா இன்னா?" என்பதுதான் முதல் கேள்வி. உடம்பைப் பற்றி நான் கேட்டால், "அது கெடக்குது" என்பீர்கள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை ஆசையாக ஒரு மொட்டைப் பார்க்க முடிந்தது உங்களால்? கேட்கவேண்டும் என்று நினைத்திருக்கிறேன், கேட்கவில்லை.

அப்போதுதான் குட்டிப்பாறை போகப்போகிறது என்ற சேதி வந்தது. பாறை உங்கள் பங்காளி தேவராஜின் நிலத்தில் இருந்தது. நிலத்தை வீட்டுமனை போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பாறையை உடைத்துச் சமன் செய்துதான் மனை பிரிப்பார்களாம். நீங்கள் அவரிடம் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவரும் கெட்டவர் இல்லை. "பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துட்டேண்ணா. கல்ல வெச்சிகினு நான் இன்னா பண்றது சொல்லு" என்றார். நீங்கள் அவர் தோளைத் தட்டினீர்கள். "மிஷின் வர்றதுக்குள்ள உனக்கு வேணுங்கறத எடுத்துக்கோ" என்றார்.

குமரனின் காரில் நாம் மூன்று பேரும் கிளம்பினோம். "குட்டிப்பாறைச் செடிதான் நம்ம மாடியிலேயே இருக்குதே சம்பந்தி. இந்த உடம்போட எதுக்கு?" என்று வழியில் கேட்டேன்.

"அது ஒண்ணு தானே. பாறை முழுக்க இருக்கறது எல்லாம் அதுவா?"

எனக்கு அது புரியவில்லை. மஞ்சள் என்றால் மஞ்சள்தானே?

உங்களை வேப்பமரத்தடியில் ஒரு கல்லில் உட்காரவைத்தோம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. குமரன் உங்களைவிட்டு நகரவில்லை. ஆகவே நான் ஏறினேன். என் முழங்காலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கையையும் காலையும் ஊன்றி, லுங்கியை மடித்துக்கட்டி, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிளவுக்குப் பிளவு பூ.

முதல் செடியில் வெண்ணெய் மஞ்சள், என் மாடியில் இருக்கிற மாதிரியே. ஒடித்துப் பையில் போட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் அடுத்தது. அதன் மஞ்சளில் மெல்லிய சிவப்புக் கோடு. நான் நின்றுவிட்டேன்.

"சம்பந்தி, இதுல கோடு இருக்கு."

கீழேயிருந்து உங்கள் குரல்: "குறுக்காலயா, நெடுக்காலயா?"

"குறுக்கால. இழை இழையா."

"கொண்டாங்க."

அதற்கடுத்தது இளம்பச்சை. அதற்கப்பால் நடுவில் மட்டும் ஒரு சொட்டுச் சிவப்பு வைத்த மஞ்சள். ஒன்றில் இதழ் அகலம், ஒன்றில் ஊசி. ஒரே பிளவில் தோளோடு தோள் ஒட்டி நின்ற இரண்டில் ஒன்றின் தண்டு உருண்டையாகவும் மற்றது கத்தி முனை போல் பட்டையாகவும் இருந்தது. அதே பாறை, அதே வெயில், அதே பிளவு. நான் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொல்ல, நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டு, "கொண்டாங்க" என்றீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு கிழவர்கள் எதற்கோ கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

என் வாழ்நாள் முழுக்க ஒரே மாதிரி டிக்கெட்டை ஒரே மாதிரி துவாரம் வழியாகக் கொடுத்தவன் நான். எத்தனை பேர் கை நீட்டினார்கள், ஒரு கையையாவது பார்த்தேனா என்று அந்தப் பாறைமேல் நின்று நினைத்துக்கொண்டேன்.

கீழே வந்ததும் துண்டை விரித்து, பையிலிருந்ததை எல்லாம் வரிசையாக எடுத்துவைத்தீர்கள். ஒவ்வொன்றையும் தூக்கி, திருப்பி, முகர்ந்து பார்த்தீர்கள். உங்கள் முகம் நோயாளியின் முகமாகவே இல்லை.

"இத்தினி வருஷமா இந்தாண்டதான் பஸ்ஸ திருப்பிகினு இருந்தேன் சம்பந்தி. மஞ்சப் பூன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டேனே."

"நானும்தான்" என்றேன்.

"ஒண்ணுத்தையும் விட்டுடாதீங்க. எதுல இன்னா இருக்குதோ, யாருக்குத் தெரியும்."

அதுதான் நீங்கள் அங்கே போன கடைசி தடவை. பங்குனியில், வெயில் ஏறுவதற்குள்ளே, போய்விட்டீர்கள். உங்களோடு வேலை பார்த்த டிரைவர்கள் டியூட்டிக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்கள். ரேவதி அழாமல் எல்லா வேலையையும் பார்த்தாள். காரியம் முடிந்து திருத்தணி வந்த பிறகு, மாடியில் துணி காயப்போடப் போனவள் வெகுநேரம் இறங்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். "நைனா இங்க எந்த எடத்துல ஒக்காருவாரு மாமா?" என்று கேட்டாள். காட்டினேன். நகர்ந்து அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

குட்டிப்பாறை இப்போது இல்லை. தரை சமனாகி, நடுவில் தார்ச்சாலை போட்டு, வெள்ளையடித்த மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். தேவராஜ் மகளுக்கு நல்லபடியாகக் கல்யாணம் ஆயிற்று. உங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகைக்கு நானும் சரோஜாம்மாவும் போய்வந்தோம்.

போன ஆவணியில் ஒரு காரியம் செய்தோம். சரியா என்று உங்களைக் கேட்க முடியவில்லை. என் மாடி எத்தனை நாளைக்கு? பாறையில் பிறந்தது பாறையில் இருக்கவேண்டும் என்று, குட்டிப்பாறைச் செடிகள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டிக் காயவைத்து, ஏரிக்கரைப் பாறைக்குக் கொண்டுபோனேன். அது புறம்போக்கு, யாரும் மனை போட முடியாது. ஆனால் அங்கே போனதும் கை நின்றுவிட்டது. அங்கே இருப்பதெல்லாம் சிவப்புப் பூ. மஞ்சளை நடுவே வைத்தால் ஈக்கள் சும்மா இருக்குமா? கலந்துவிடும். பிறகு குட்டிப்பாறை மஞ்சள் குட்டிப்பாறை மஞ்சளாக இருக்குமா? கூட வந்த சரோஜாம்மாவிடம் சொன்னேன்.

"இப்ப அந்தப் பாறையே இல்ல. எதுக்குங்க காவல்? கலந்தா கலக்கட்டும். நம்ம புள்ளைங்க கலக்கலயா" என்று சொல்லிவிட்டு, புடவையைச் சொருகிக்கொண்டு அவரே முதல் துண்டைப் பிளவில் வைத்து மண்ணை அழுத்தினார்.

சரோஜாம்மா சொன்னது எனக்குச் சரி என்றுதான் பட்டது. ஆனாலும் அத்தனையும் அங்கே வைக்கவில்லை. மாடியில் ஒரு வரிசையை அப்படியே காப்பாற்றிவைத்திருக்கிறேன். பாறையில் வைத்ததில் கொஞ்சம் ஆடு மேய்ந்துவிட்டது. கொஞ்சம் கருகிவிட்டது. மீதி வேர்பிடித்து நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இப்போது இந்த வாரத்துச் சேதி.

மாடிக் கைப்பிடிச்சுவரில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு வெடிப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு கள்ளிமுளையான். யாரும் வைத்ததில்லை. காய் முற்றி வெடித்தால் எருக்கம்பஞ்சு மாதிரி விதை பறக்குமே, அப்படி வந்து விழுந்து முளைத்திருக்கிறது. இருக்கிற பருமனைப் பார்த்தால் நீங்கள் இருந்தபோதே முளைத்திருக்கவேண்டும். நீங்கள் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு பேசிய நாட்களில் உங்கள் முழங்கைக்கு அருகிலேயே இருந்திருக்கிறது. நாம் பார்க்கவில்லை.

ரேவதிதான் பார்த்தாள். "மாமா, வாங்களேன்" என்று கூப்பிட்டாள், குரலை உயர்த்தாமல். போனேன். பூத்திருந்தது. மஞ்சள் இதழ். ஆனால் ஓரம் முழுக்கக் கருஞ்சிவப்பு மயிர், காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. குட்டிப்பாறையில் மயிர் இல்லை; ஏரிக்கரையில் மஞ்சள் இல்லை. இது இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. அந்தக் கல்லூரி அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "கலப்பா இருக்கலாம் சார். இதைப் பார்த்து மட்டும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா நான் இப்படி ஒண்ணு பார்த்ததில்ல" என்று பதில் வந்தது.

ரேவதியும் நானும் சுவரோரமாகவே நின்றிருந்தோம். குமரனும் மேலே வந்தான். "இது எந்த ஊர்ச் செடிப்பா?" என்று கேட்டான். ரேவதி என்னை முந்திக்கொண்டு, "இந்த வீட்டுச் செடி" என்றாள்.

அடுத்த பஸ்ஸிலேயே சரோஜாம்மா வந்துவிட்டார். உங்கள் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்திருந்தார், தன்னுடையதைவிட அதில் நன்றாகத் தெரிகிறதாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பூவுக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என்னிடம், "காய் புடிக்குமா சம்பந்தி?" என்றார். பிடித்தால் என்ன வரும் என்று கேட்டேன். "வந்தா தானே தெரியும்" என்றார்.

இரண்டு நாளாக ஒரு பூவின் அடி பருத்துக்கொண்டு வருகிறது. காய்தான் என்று நினைக்கிறேன். மெல்லிய துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், விதை பறந்துவிடாமல் இருக்க.

சம்பந்தி, உங்களுக்கு என் வாக்கு இது. அந்த விதையில் ஒன்றுவிடாமல் விதைப்பேன். வருவதில் சில ஒல்லியாக வரும், சில கோணலாக வரும், சில எதற்குமே ஆகாதது போலத் தெரியும். எதையும் முன்கூட்டித் தீர்மானித்துக் களைய மாட்டேன். ஒவ்வொன்றும் தன் பூவைக் காட்டுகிற வரைக்கும் அதன் இடம் அதற்கு உண்டு. எனக்கு அவ்வளவு ஆயுள் இல்லாமல் போனாலும், தண்ணீர் ஊற்ற ரேவதி இருக்கிறாள். நேற்றே சொல்லிவைத்துவிட்டேன். "எனக்குத் தெரியும் மாமா" என்றாள்.

பிள்ளைகள் சேர்த்துவைத்த உறவில்,
உங்கள் சம்பந்தி
தணிகாசலம்